தூக்குத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு: தற்காப்பு வழக்கறிஞரின் வேலை என்ன?

2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி, அழகுசாதனத் தொழிலதிபர் சோசிலாவாத்தி லாவியாவும் அவருடன் சென்ற மூவரும் மலேசியாவின் பந்திங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். உடல்கள் கிடைக்கவில்லை, எஞ்சியவற்றை ஆற்றில் வீசிவிட்டார்கள் என்பது அரசு தரப்பின் வாதம். 2013ஆம் ஆண்டு ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் முன்னாள் வழக்கறிஞர் ஒருவருக்கும் அவருடைய தோட்டத்தில் வேலை செய்த மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. நால்வரும் தமிழர்கள் என்பதால் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளிலிருந்து பட்டர்வொர்த் அடுக்குமாடி வீடுகள் வரை இந்த வழக்கைப் பற்றிப் பேசாத தமிழர்கள் குறைவு. "இவர்களுக்குப் போய் எந்த வக்கீல் வாதாடுவார்?" என்ற கேள்வியும் அந்தப் பேச்சுகளில் தவறாமல் வந்தது.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதம், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்த நால்வரில் ஒருவரை விடுதலை செய்தது. மற்ற மூவரின் தண்டனையை உறுதிப்படுத்தியது. உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குற்றவாளி என்று முடிவு செய்திருந்த ஒருவர், போதிய ஆதாரம் இல்லை என்று கடைசிப் படியில் வெளியே வந்தார். "எந்த வக்கீல் வாதாடுவார்" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. நாடே வெறுக்கும் ஒரு வழக்கில் நான்கு பேரை ஒரே கயிற்றில் கட்டிப் பார்ப்பது பொதுமக்களுக்கு எளிது. ஒவ்வொருவருக்கும் எதிராகத் தனித்தனியே என்ன ஆதாரம் இருக்கிறது என்று பிரித்துக் கேட்பதற்கு ஒருவர் வேண்டும், அவர்தான் தற்காப்பு வழக்கறிஞர்.

மலேசியாவில் கொலைக் குற்றச்சாட்டு, தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகிறது. கோலாலம்பூரில் நடந்த கொலை என்றால் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்திலும், பினாங்கில் நடந்தது என்றால் பெரும்பாலும் ஜார்ஜ் டவுன் லைட் தெருவில் உள்ள பழைய நீதிமன்றக் கட்டடத்திலும் விசாரணை நடக்கும். அங்கே தண்டனை கிடைத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும், அங்கும் தோற்றால் கூட்டரசு நீதிமன்றத்துக்கும் போகலாம். இரண்டும் பொதுவாகப் புத்ராஜெயாவில் உள்ள நீதி மாளிகையில் அமர்கின்றன. உயர் நீதிமன்றத்தில் தொடங்கும் வழக்கு என்பதால், கொலை வழக்கில் இந்த இரண்டு படிகளும் குற்றவாளிக்கு உரிமையாகவே கிடைக்கின்றன. தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. தீர்ப்பு வந்த 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரியிடம் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ அறிவித்தாலே போதும். மேல்முறையீடு முடியும்வரை தண்டனை நிறைவேற்றப்படாது.

மேல்முறையீடு என்பது விசாரணையை மறுபடியும் முதலிலிருந்து நடத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. சாட்சிகள் மீண்டும் கூண்டில் ஏறுவதில்லை, கத்தியும் சட்டையும் மேசைமேல் வைக்கப்படுவதில்லை. கீழ் நீதிமன்றத்தில் நடந்தவை அனைத்தும் அச்சாகித் தொகுதிகளாகக் கட்டப்பட்ட மேல்முறையீட்டுப் பதிவேடு மட்டுமே நீதிபதிகளின் முன் இருக்கும். புதிய ஆதாரத்தை ஏற்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்தாலும், விசாரணையின்போது முயன்றும் கிடைத்திருக்க முடியாத, முடிவையே மாற்றக்கூடிய ஆதாரமாக இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். ஆகவே இந்த வழக்கறிஞரின் உழைப்பில் பெரும்பகுதி பேச்சில் இல்லை, படிப்பில் இருக்கிறது.

அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம். ஒருவர் கைதாகிறார், அவர் சொன்ன தகவலின் பேரில் ஒரு கத்தி கண்டெடுக்கப்பட்டது என்று காவல் அதிகாரி சாட்சி சொல்கிறார். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, கைதானவர் காவல் அதிகாரியிடம் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தத் தகவலின் தொடர்புடைய பகுதியை நீதிமன்றம் ஏற்கலாம். வழக்கறிஞர் பதிவேட்டை எடுத்து, அந்த அதிகாரியின் சாட்சியம் இருக்கும் பக்கத்தைத் திறக்கிறார். கைதானவர் சொன்ன சொற்கள் அன்றே எழுதப்பட்டனவா, அல்லது அதிகாரி பல மாதங்கள் கழித்து நினைவிலிருந்து சொன்னாரா? இருவர் கைதாகியிருந்தால் யார் முதலில் சொன்னார்? கத்தி கிடந்த இடம் காவல் துறைக்கு அதற்கு முன்பே தெரியுமா? அதன் பிறகு கைப்பற்றிய பொருட்களின் பட்டியலைப் பார்க்கிறார். பட்டியலில் கத்தியின் நீளமும் பிடியின் நிறமும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன, அதிகாரி அதில் என்ன அடையாளக் குறி இட்டார், எந்த நாளில் யார் கையால் இரசாயன இலாகாவுக்குப் போனது, இரசாயன நிபுணர் பெற்றுக்கொண்ட உறையில் அதே குறி இருந்ததா என்று ஒவ்வொன்றையும் பக்க எண்ணோடு குறித்துக்கொள்கிறார். ஓரிடத்தில் பிடி கறுப்பு என்றும் இன்னோரிடத்தில் பழுப்பு என்றும் இருந்தால், அதை யாரும் விளக்கவில்லை என்றால், அந்தக் கத்தியின்மேல் எழுப்பப்பட்ட வாதம் ஆட்டம் காணத் தொடங்குகிறது.

இதைச் சிலர் சட்ட ஓட்டை என்று இழிவாகச் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. வேறு கத்தி ஒன்று இந்த வழக்குக்குள் வந்திருக்க முடியுமா என்ற கேள்வி, உயிரை எடுக்கப்போகும் அரசு கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

அடுத்து அவர் படிப்பது நீதிபதியின் தீர்ப்புக் காரணங்களை. முன்பு மலேசியாவில் மரண தண்டனை வழக்குகளை ஜூரி முறையில், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழு ஒன்று முடிவு சொல்லும் முறையில் விசாரித்தார்கள். 1995ஆம் ஆண்டு அந்த முறை ஒழிக்கப்பட்டது. ஜூரி உறுப்பினர்கள் ஏன் அந்த முடிவுக்கு வந்தோம் என்று எழுதுவதில்லை. எனவே அந்நாளில் மேல்முறையீட்டு வழக்கறிஞர் நீதிபதி ஜூரிக்கு வழங்கிய அறிவுரையில் பிழை தேட வேண்டியிருந்தது. இன்று நீதிபதி தன் முடிவுக்கான காரணங்களை எழுதியே ஆக வேண்டும், அந்த எழுத்துதான் வழக்கறிஞருக்குப் பிடி. சட்டத்தின்படி நீதிபதி இரண்டு முறை எடைபோட வேண்டும். அரசு தரப்பு முடிந்ததும் அடிப்படை முகாந்திரம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் குற்றம் சாட்டப்பட்டவரை எதிர்வாதம் புரிய அழைக்க வேண்டும். எதிர்வாதம் முடிந்ததும், எல்லாச் சாட்சியங்களையும் சேர்த்து, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்று மீண்டும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது எடைபோடல் சில தீர்ப்புகளில் மெலிந்துபோகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் கதையை ஒரே வரியில் "வெறும் மறுப்பு" என்று தள்ளிவிட்டிருந்தால், அவர் சொன்னதை உண்மையாகவே எடைபோட்டார்களா என்று மேல்முறையீட்டில் கேட்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் தன் நிரபராதித்தனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான ஒரு சந்தேகத்தை எழுப்பினால் போதும் என்பதே இங்கு விதி.

இன்னொரு வாய்ப்பு, நடந்தது கொலைதானா என்று கேட்பது. உயிர் போனதாலேயே 302ஆம் பிரிவு வந்துவிடாது. 300ஆம் பிரிவு கொலையின் வரையறையையும் அதற்கான விதிவிலக்குகளையும் தருகிறது. திடீரென மூண்ட கடுமையான ஆத்திரமூட்டல், முன்திட்டமில்லாத சண்டை, தற்காப்பு உரிமையை மீறிப்போனது போன்ற சூழல்களில் குற்றம் 304ஆம் பிரிவுக்கு இறங்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றச்சாட்டை இப்படி மாற்றினால், அதிகபட்சத் தண்டனை 30 ஆண்டுச் சிறைதான். முந்தைய வழக்கறிஞர் மிக மோசமாகத் தவறியதால் நியாயமான விசாரணையே கிடைக்கவில்லை என்ற வாதமும் உண்டு. ஆனால் சாதாரண உத்திப் பிழைகளை நீதிமன்றம் இதற்குள் சேர்ப்பதில்லை. புதிய வழக்கறிஞர் சக வழக்கறிஞரின் வேலையைக் குறைகூற நேர்வதால், கையாள்வதற்குச் சங்கடமான வாதமும் இதுவே.

இத்தனை கண்டுபிடித்தாலும் வெற்றி உறுதியில்லை. சாட்சியை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி என்பதால், அவர் நம்பிய சாட்சியை மேல் நீதிமன்றம் எளிதில் ஒதுக்காது. பிழை ஒன்று நடந்திருந்தாலும், அதனால் நீதி தவறிவிடவில்லை என்று கருதினால் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. எனவே திறமையான வழக்கறிஞர் இருபது குறைகளை அடுக்குவதில்லை. முடிவையே மாற்றியிருக்கக்கூடிய இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்கிறார்.

மேல்முறையீடு இரு பக்கமும் திறந்திருக்கும் பாதை. மங்கோலியப் பெண் அல்தான்துயா 2006ஆம் ஆண்டு கொல்லப்பட்ட வழக்கில், ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2009இல் காவல் துறையினர் இருவருக்கு மரண தண்டனை விதித்தது. 2013 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. முக்கியமான ஒரு காவல் அதிகாரியை அரசு தரப்பு சாட்சியாக அழைக்காதது அதற்கான காரணங்களில் ஒன்று. அரசு தரப்பு மேல்முறையீடு செய்தது. 2015 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் அந்தக் குறை வழக்கை வீழ்த்தப் போதாது என்று கூறி, மரண தண்டனையை மீண்டும் விதித்தது. ஒரே பதிவேட்டை, ஒரே சாட்சியங்களை அனுபவம் மிக்க நீதிபதிகள் படித்து, மூன்று படிகளில் தூக்கு, விடுதலை, தூக்கு என்று முடிவு செய்தார்கள். இதைக் காட்டி நீதிமன்றத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் "எல்லாருக்கும் தெரிந்த உண்மை" என்று நாம் பேசுவது எவ்வளவு கவனமாகப் பேச வேண்டிய ஒன்று என்பதற்கு இந்த வழக்கைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

"நான்தான் கொன்றேன்" என்று கட்சிக்காரர் தனியறையில் தன் வழக்கறிஞரிடமே சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். கட்சிக்காரர் சொன்னதை வெளியில் சொல்ல வழக்கறிஞருக்கு உரிமையில்லை. ஆனால் அதன் பிறகு, அவர் அன்று வேறு ஊரில் இருந்தார் என்று பொய்க்கதையை நீதிமன்றத்தில் வைக்கவும் அவருக்கு உரிமையில்லை. அரசு தரப்பு தன் வழக்கை நிரூபித்துவிட்டதா என்று சோதிப்பதோடு அவர் நின்றுகொள்ள வேண்டும். குற்றவாளியா இல்லையா என்ற வழக்கறிஞரின் சொந்தக் கருத்துக்கு அங்கே இடமில்லை. தீர்ப்பளிக்கும் பொறுப்பு நீதிபதியுடையது. கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு, கைதான ஒவ்வொருவருக்கும் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கொண்டு தற்காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. எல்லா வழக்கறிஞர்களும் ஊர் வெறுக்கிறது என்று ஒதுங்கிவிட்டால் அந்த உரிமை தாளிலேயே கிடக்கும்.

பினாங்குக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2014 ஏப்ரல் 17ஆம் தேதி சாலை விபத்தில் இறந்த பினாங்கு வழக்கறிஞர் கர்ப்பால் சிங், பல பத்தாண்டுகள் மரண தண்டனை வழக்குகளில் வாதாடியவர். 1986 ஜூலையில் புடு சிறையில் போதைப்பொருள் கடத்தலுக்காகத் தூக்கிலிடப்பட்ட ஆஸ்திரேலியர் இருவரில் ஒருவருக்காக வாதாடியதும் அவரே. எந்தக் கட்சிக்காரருக்காக நின்றாலும், மரண தண்டனையே கூடாது என்ற தம் கருத்தை அவர் மறைத்ததில்லை.

பணம் இல்லாதவருக்கு யார் வருவார் என்பதும் நியாயமான கேள்வி. மரண தண்டனை வழக்கில் வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை நியமிக்கிறது. அவருக்கான கட்டணத்தை அரசு தருகிறது. அந்தக் கட்டணம் வேலையின் பளுவுக்குக் குறைவு, இருந்தும் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். நியமிக்கப்பட்டவர் என்பதால் தரக்குறைவானவர் என்று குடும்பத்தினர் அஞ்ச வேண்டாம். அவரைச் சந்தித்து, அவர் கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்வதுதான் முதல் உதவி.

இதுவரை சொன்னது குற்றம் நிரூபணமானதா என்ற கேள்வி. 2023க்குப் பிறகு இரண்டாவது கேள்வி ஒன்று முன்னுக்கு வந்திருக்கிறது: என்ன தண்டனை? முன்பு 302ஆம் பிரிவில் குற்றம் உறுதியானால் நீதிபதி தூக்கைத் தவிர வேறு எதையும் விதிக்க முடியாது. 2020இல்கூட, கட்டாய மரண தண்டனை அரசியலமைப்புக்கு முரணானதில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சட்டத்தை மாற்றியது நாடாளுமன்றம். 2023 ஜூலை 4ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, கொலைக்கு மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரையிலான சிறை என்று நீதிபதி தேர்ந்தெடுக்கலாம். சிறை என்றால் குறைந்தது 12 பிரம்படியும் உண்டு. பெண்களுக்குப் பிரம்படி கிடையாது, 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் பொதுவாகக் கிடையாது. மரண தண்டனை ஒழிக்கப்பட்டுவிட்டது என்று சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒழிந்தது அதன் கட்டாயம் மட்டுமே. 2018 முதல் யாரையும் தூக்கிலிடாமல் அரசு நிறுத்தி வைத்திருக்கிறது என்பது வேறு செய்தி.

எல்லா மேல்முறையீடுகளும் ஏற்கெனவே முடிந்து சிறையில் காத்திருந்தவர்களுக்காக இன்னொரு சட்டம் 2023 செப்டம்பர் 12ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அதன் கீழ்த் தங்கள் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கூட்டரசு நீதிமன்றத்திடம் கேட்கும் தகுதி பெற்றார்கள். குற்றம் செய்தாரா என்பதை அங்கே மீண்டும் கிளற முடியாது. தண்டனை மட்டுமே பேசுபொருள். அல்தான்துயா வழக்கில் மலேசியாவில் சிறையில் இருந்த முன்னாள் காவலருக்கு 2024 அக்டோபர் 10ஆம் தேதி தூக்கு நீக்கப்பட்டு 40 ஆண்டுச் சிறையும் 12 பிரம்படியும் விதிக்கப்பட்டது இந்தச் சட்டத்தின்படிதான். கொடூரமான வேறு சில வழக்குகளில் தூக்கு அப்படியே நிலைநிறுத்தப்பட்டது.

இதனால் வழக்கறிஞரின் வேலையும் மாறியிருக்கிறது. கத்தியின் குறியைத் தேடியவர் இப்போது ஒரு மனிதனின் வாழ்க்கையைத் தேட வேண்டியிருக்கிறது. எந்த வயதில் குற்றம் நடந்தது, கூட்டாகச் செய்த குற்றத்தில் இவருடைய பங்கு என்ன, மனநலச் சிகிச்சை எடுத்திருந்தாரா, சிறையில் இத்தனை ஆண்டுகள் எப்படி நடந்துகொண்டார், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் தாள்களாக்கி நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் துணை அரசு வழக்கறிஞர் கொலை எவ்வளவு கொடூரமானது என்று எடுத்துச் சொல்வார். இறந்தவரின் குடும்பத்துக்கும் இடம் உண்டு: விசாரணை நீதிமன்றத்தில் தண்டனை விதிக்கப்படும் முன், தங்களுக்கு நேர்ந்த இழப்பை அவர்கள் நேரடியாகச் சொல்லக் கேட்கலாம். அந்தத் துயரத்தை மதிக்காமல் பேசும் தற்காப்பு வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்கு நன்மை செய்வதில்லை.

எல்லாப் படிகளிலும் தோற்றவருக்கு மன்னிப்பு மனு எஞ்சியிருக்கிறது. அரசியலமைப்பின் 42ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்ததோ அந்த மாநிலத்தின் தலைவரிடம் மனு போக வேண்டும். கோலாலம்பூரில் நடந்ததென்றால் மாமன்னர், பினாங்கில் நடந்ததென்றால் மாநில ஆளுநர், பந்திங்கில் நடந்ததென்றால் சிலாங்கூர் சுல்தான். மன்னிப்பு வாரியம் கூடி ஆலோசனை சொல்லும். 1993இல் பகாங் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைக் கொன்ற வழக்கில் முன்னாள் பாடகியும் மாந்திரீகருமான மோனா ஃபென்டியும் உடனிருந்த இருவரும் தெமெர்லோ உயர் நீதிமன்றத்தில் ஜூரி முன் விசாரிக்கப்பட்டார்கள். 1999இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றார்கள். மன்னிப்பும் கிடைக்காமல் 2001 நவம்பர் 2ஆம் தேதி காஜாங் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். நாடு அதுவரை கண்டிராத அளவுக்கு வெறுக்கப்பட்ட அந்த வழக்கிலும் ஒவ்வொரு படியிலும் அவர்களுக்காக ஒரு வழக்கறிஞர் நின்றார்.

உங்கள் உறவினர் அல்லது அண்டை வீட்டார் ஒருவர் இப்படியொரு தீர்ப்புக்கு ஆளானால், முதலில் 14 நாள் கெடு தவறவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். தவறியிருந்தாலும் நீதிமன்றம் கால நீட்டிப்பு தரலாம், எனவே கைவிட வேண்டாம். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றுகள், மருத்துவமனை அட்டைகள், வேலை செய்த இடத்தின் கடிதங்கள், சிறையில் பெற்ற பயிற்சிச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வழக்கறிஞரிடம் கொடுங்கள்; மூலப் பத்திரங்களை நீங்களே வைத்துக்கொண்டு நகல்களைக் கொடுப்பது நல்லது. சிறைக்குச் சந்திக்கப் போகும்போது வழக்கின் விவரங்களைப் பேசாதீர்கள், அவற்றை வழக்கறிஞர் தனியாகப் பேசிக்கொள்வார். வீட்டுச் செய்திகளைச் சொல்லுங்கள், விசாரணைத் தேதி தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.